சனிக்கிழமை மிஸ்ஸிங்

ஏறுங்கள், ஏறுங்கள். கதவை ரெண்டு தரம் அடைக்க வேண்டும். முதல் தரம் சொல்லிக்கொள்வதற்கு, ரெண்டாவது தரம்தான் அடைப்பதற்கு. ஆங், அப்படித்தான். பஸ் போய் இருபது நிமிஷம் ஆகிறது. அடுத்தது மூன்றரைக்கு, அதுவும் டிரைவருக்கு மனசு இருந்தால். சிறுமலை மேலே வரைக்கும்தானே? நானும் வாழைத்தார் ஏற்றத்தான் போகிறேன். பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்தது எனக்கு லாபம்.

இருங்கள். கொஞ்சம் பேசாமல் இருங்கள்.

கேட்டீர்களா? இல்லை, அது உங்கள் பை தகரத்தில் உரசுகிற சத்தம். மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியில் மொத்தம் பதினேழு சத்தம் உண்டு, பதினேழுக்கும் நான் பெயர் வைத்திருக்கிறேன். பதினெட்டாவதாக ஒன்று வந்தால் எனக்குச் சோறு இறங்காது. இன்றைக்குச் சனிக்கிழமை வேறு.

சனிக்கிழமைக்கு என்ன என்கிறீர்களா? சொல்கிறேன். வளைவு பதினெட்டு இருக்கிறது, கதை அதற்குள் முடியும்.

இது பெட்ரோல் பிக்கப். இந்தக் காலத்தில் யார் பெட்ரோல் பிக்கப் வைத்திருக்கிறார்கள்? மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் ஏலம் போட்டபோது எடுத்தேன், இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இதன் இன்ஜின் சும்மா நிற்கும்போது ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, தாலாட்டு. ஒருமுறை பதினோராவது வளைவில் காட்டுமாடு ஒன்று வழியை மறித்தது. நான் இன்ஜினை நிறுத்தாமல் இருந்தேன். கேட்டுக்கொண்டே நின்றது, கண் சொருகியது, ரோட்டிலேயே படுத்துவிட்டது. வண்டியை நிறுத்தினால் முழித்துக்கொள்கிறது, ஓடவிட்டால் தூங்குகிறது. கடைசியில் அரை டேங்க் பெட்ரோல் தீர்ந்த பிறகுதான் எழுந்து போனது. சிரிக்காதீர்கள். அந்த மாடு இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்படி ஓடின இன்ஜின் இது.

எங்கள் ஊர் மலையடிவாரம். மந்தையம்மன் கோயில். ஆடி கடைசி வெள்ளியில் அம்மன் ஊர்வலம். இருபத்திரண்டு வருஷமாக அவள் இந்த வண்டியில்தான் ஏறுகிறாள். உங்கள் முதுகுக்குப் பின்னால், தகரத்துக்கு அந்தப் பக்கம்தான் மேடை போடுவது. எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. அம்மன் ஏறி உட்கார்ந்துவிட்டால் இறங்குகிற வரைக்கும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு வண்டி நிற்கும், தேங்காய் உடைப்பார்கள். வண்டி நிற்கலாம், இன்ஜின் நிற்கக் கூடாது. மாட்டு வண்டிக் காலத்தில் மாடு படுக்கக் கூடாது என்று இருந்ததாம். மாடு போய் இன்ஜின் வந்ததும் முறையும் தன்னை மாற்றிக்கொண்டது. நின்றுபோனால், இந்த வண்டி அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதற்கப்புறம் அந்த வண்டிக்காரன் ஊர்வலத்தில் தேங்காய்ச் சில்லு பொறுக்கிக்கொண்டு பின்னால் வரலாம்.

நான் நிலம் நீச்சு உள்ளவனா, படித்தவனா? வருஷத்தில் ஒரு நாள், நாலு மணி நேரம், ஊரே என் முதுகைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு வரும். எனக்கில்லை, அவளுக்குத்தான், தெரியும். ஆனால் முதுகுக்கு அது தெரியுமா?

இருங்கள்... ரெண்டாவது கியர்... ம். ஒன்றுமில்லை. சொல்லுங்கள். இல்லை, நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன பங்குனியில் ஆரம்பித்தது மிஸ்ஸிங். நாலு பேர் தூக்குகிற பல்லக்கில் ஒருத்தன் மட்டும் நடுநடுவே தோளை எடுத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அதுதான் மிஸ்ஸிங். நாலு சிலிண்டரில் ஒன்று டக்கென்று விட்டுவிடும். வண்டி ஒரு விக்கல் விக்கும். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். ஓடிக்கொண்டே இருந்தாலும் பரவாயில்லை, நின்றேவிட்டாலும் பரவாயில்லை. இது வரும், போகும். வராதபோதும் எப்போது வரும் என்று காது அங்கேயே கிடக்கும். என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டால்கூட, நடுவில் ஒரு குறட்டை தவறினால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

காரணம் யார்? எல்லாம் அந்தப் பகலவன்.

பகலவன் எங்கள் ஊர் மெக்கானிக். என் வயதுதான், ஒரே பெஞ்சு. பகலவன் என்பது அவனே வைத்துக்கொண்ட பெயர். பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரில் பழனியாண்டி. பதினெட்டு வயதில் சாமி இல்லை என்று கறுப்புச் சட்டை போட்டவன், அதற்கப்புறம் வேறு நிறச் சட்டையில் அவனைப் பார்த்தவர் கிடையாது. மெக்கானிக்குக் கறுப்புதான் வசதி, அழுக்குத் தெரியாது என்று நான் சொல்வேன். "உனக்கு மண்டைக்குள்ளதான அழுக்கு. அதுக்கு என்ன சட்டை போட்டிருக்க?" என்பான். நாற்பது வருஷமாக எங்களுக்குள் ஒரே வழக்கு, சாமி உண்டா இல்லையா. தீர்ப்பு வரவில்லை. ரெண்டு பேரும் வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கிறோம்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆள் பொய் பேச மாட்டான். வண்டியில் கோளாறு இல்லை என்றால் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவான். அதனாலேயே அவன் கொட்டகை இன்னும் ஓலைக் கொட்டகையாக இருக்கிறது.

பங்குனியில் அவனிடம் சர்வீசுக்கு விட்டேன். இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு டப்பா உண்டு. ரேஷன் கடை மாதிரி, நாலு பிளக்குக்கும் முறை வைத்துக் கரண்ட் அளந்து போடும். அதன் மூடியைக் கழற்றிப் பார்த்து, "விரிசல் விட்டிருக்கு சங்கிலி" என்றான். சங்கிலி என்பது நான்தான். பழையதைக் கழிவு டப்பாவில் போட்டுவிட்டுப் புது மூடி மாட்டினான்.

நான் பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். செங்காவி நிறத்தில் பளபளவென்று, நடுவில் ஒரு கொம்பு, சுற்றி நாலு. அசல் ஐந்துமுகக் குத்துவிளக்கு. கை தானாகக் குவிந்துவிட்டது. பழைய மூடி எண்ணெயும் கரியுமாக இருந்ததால் இத்தனை வருஷம் எனக்கு அது தெரியாமலே போயிருக்கிறது. அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் வண்டியைக் கழுவி நிறுத்தி, பேச்சியம்மாளிடம் சந்தனம் கரைத்து வாங்கி, பன்னீர் விட்டு, ஐந்து முகத்துக்கும் சந்தனம், மேலே குங்குமம், நடுவில் திருநீற்றுப் பட்டை. நான் கஞ்சன் இல்லை. வழிய வழிய வைத்தேன். அன்றிலிருந்து ஒரு வெள்ளி தவறவில்லை.

மறுநாள் காலையில் நாலாவது வளைவு. இதோ வருகிறதே, இதே இடம். டக்.

...இன்றைக்கு இல்லை. பார்த்தீர்களா, பூனை மாதிரி ஏறுகிறது. ஆனாலும் பொறுங்கள், மேலே பனி இருக்கிறது.

சனிக்கிழமை முழுக்க விக்கல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் அங்கொன்றும் இங்கொன்றும். திங்கட்கிழமை? தங்கம். அடுத்த சனிக்கிழமை மறுபடி டக். நான்தான் கேட்கிறேன், அவன் மூடி மாற்றின மறுநாளிலிருந்து வந்தால் யார் காரணம்? புது மூடி பொல்லாத மூடி. இதைப் புரிந்துகொள்ள மெக்கானிக் வேலை படிக்க வேண்டுமா?

இருந்தாலும் நியாயமாக நடந்துகொண்டேன். திண்டுக்கல்லில் மூன்று பேரிடம் காட்டினேன். சந்தை ஓய்வு திங்கட்கிழமைதான், அன்றைக்குத்தான் கொண்டுபோக முடியும். திங்கட்கிழமை வண்டி என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். "எங்க பெரியவரே மிஸ்ஸிங்? நல்லாத்தான ஓடுது" என்பார்கள். ஒருத்தன் பிளக் மாற்றினான். ஒருத்தன் கார்பரேட்டரைக் கழற்றி ஊதினான். இன்னொருத்தன் என் காதைச் சோதிக்கச் சொன்னான். அப்புறம் ஜோசியரிடம் போனேன். அவர் ஜாதகமே கேட்கவில்லை. "சனிக்கிழமை பிடிக்குது, திங்கக்கிழமை விடுது. இதுக்குக் கட்டம் வேற போடணுமா? வெள்ளிக்கிழமை பூஜையை இன்னும் கொஞ்சம் அழுத்தமாச் செய்யும்" என்றார். செய்தேன். அதற்கப்புறம் திங்கட்கிழமை காலை வரைக்கும் விக்கல் நீண்டது. சனி எவ்வளவு உக்கிரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படி நீண்டதில் ஒரு லாபம். திங்கட்கிழமை காலையில் விக்கலோடேயே வண்டியைப் பகலவன் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தினேன். "கேளுடா, நீ போட்ட மூடி பாடுற பாட்டை."

அவன் ஓடுகிற இன்ஜினில் ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினான். பிடுங்கும்போது சத்தம் மாறினால் அந்த சிலிண்டர் வேலைக்கு வந்திருக்கிறது. மாறாவிட்டால் அவன்தான் சோம்பேறி. மூன்றாவதைப் பிடுங்கினான், சத்தம் மாறவில்லை. இன்ஜினை நிறுத்தினான். மூடியைப் பார்த்தான். நகத்தால் சுரண்டினான். மோந்து பார்த்தான்.

"இதுல என்னைக்குடா பொட்டு வைக்கிற?"

"வெள்ளி."

"மிஸ்ஸிங் என்னைக்கு?"

"சனி, ஞாயிறு. இப்ப திங்களும்."

ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான் பாருங்கள். கொட்டகைக்கு வெளியே டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஈரச் சந்தனத்துல கரண்ட் வழி தெரியாம ஓடுதுடா. பிளக்குக்குப் போக வேண்டியதை உன் சாமி திங்குது. துடைச்சுப் போட்டுட்டு நெத்தியில வச்சுக்க, உனக்காச்சும் ஓடும்."

நாற்பது வருஷமாகச் சாமி இல்லை என்றவன், வண்டிக்கு வந்த நோய்க்கும் சாமிதான் காரணம் என்றால் அதை நம்புகிறதா? அவன் சொல்லத்தான் செய்வான். மழை பெய்தால் சாமியால், பெய்யாவிட்டால் சாமியால். "ஈரம் இருக்கு, துடைடா" என்று மட்டும் சொல்லியிருந்தால் துடைத்திருப்பேன். சாமி திங்குது என்றான். "பழனியாண்டி, உன் மூடி சொத்தை. அதை மறைக்க அவளை இழுக்காத" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பழனியாண்டி என்று கூப்பிட்டால் அவனுக்குப் பிடிக்காது. நாலு மாதம் பேச்சு வார்த்தை இல்லை.

இருங்கள்.

இல்லை. கல் தெறித்தது.

ஆடி வந்தது. ஊர்வலத்துக்கு முந்தின சனிக்கிழமை, கோயில் வாசலிலேயே வண்டி விக்கி, புகைக்குழாயில் படார் என்று வெடித்து நின்றது. பொங்கல் பானை ஒன்று கவிழ்ந்தது. கமிட்டித் தலைவர் தவமணி மெதுவாக வந்தார். புதிதாக ஒரு சின்ன லாரி எடுத்திருக்கிறார், சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை.

"சங்கிலி, மனசுல வச்சுக்காத. வர்ற வெள்ளிக்கிழமை நீதான் ஓட்டு. ஆனா நம்ம வண்டிக்கும் பூ கட்டிப் பின்னாலயே ஓட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன். ஒரு பாதுகாப்புக்கு."

பாதுகாப்புக்கு. அம்மனுக்குப் பின்னால் ஸ்டெப்னி. இருபத்திரண்டு வருஷத்தில் கேட்டதுண்டா? என் வண்டி ஒரு நிமிஷம் நின்றால் அவளை இறக்கி அதில் ஏற்றுவார்கள், அவ்வளவுதான், அதோடு என் முதுகு வெறும் முதுகு. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன். பேச்சியம்மாள் சோற்றுத் தட்டை எடுத்து வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வாசலில் ஆள் சத்தம். பகலவன். பேச்சியம்மாள்தான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கேட்டால் இல்லை என்பாள். என்னைப் பார்க்கவில்லை, நேரே பானெட்டைத் தூக்கினான். துடைத்தான், பிடுங்கினான், மாட்டினான். அரை மணி நேரம். நான் கட்டிலில் இருந்தபடியே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். துளை போடுகிற சத்தம்கூட வந்தது.

"இங்க வா" என்றான். போனேன்.

இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிற தகரச் சுவரில், மேலாக, கண்ணுக்கு நேரே இன்னொரு மூடியைப் போல்ட் போட்டு முடுக்கியிருந்தான். தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தான். ஐந்து முகம், ஓரத்தில் ஒரு விரிசல் மட்டும்.

"இதுதான் இனிமே தலைமை" என்றான். "கீழ இருக்கறது எடுபிடி. சந்தனம், குங்குமம், என்ன எழவு வைக்கிறதா இருந்தாலும் மேல வை. எடுபிடி மேல ஒரு சொட்டு விழுந்தாலும் தலைமைக்குக் கோபம் வந்துரும்."

"உன் கணக்குல சாமிக்குக் கோபம் எல்லாம் உண்டாடா?"

கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"இன்னைக்கு உண்டு. விடு."

யோசித்துப் பாருங்கள். பொய்யே பேசாத மனுஷன். அவன் வாயால் சொல்கிறான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பேச்சியம்மாள் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே வந்து, "அந்த அண்ணன் முகத்தைப் பாத்தீகளா? வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். இருக்காதா? நாற்பது வருஷத்து வழக்கில் தோற்ற முகம் அது.

வெள்ளிக்கிழமை. தலைமைக்கு வழிய வழிய வைத்தேன். அம்மன் ஏறினாள். இன்ஜினை எடுத்தேன். தாலாட்டு. காட்டுமாடு மட்டும் அங்கே இருந்திருந்தால் ஊர்வலம் நடந்திருக்காது.

பகலவன் வந்தான். வண்டியின் இடது மட்கார்டை ஒட்டி, காதைப் பானெட்டுப் பக்கம் சாய்த்துக்கொண்டு கூடவே நடந்தான். அந்தக் கறுப்புச் சட்டையோடு, அம்மனுக்கு முன்னால். தவமணி விடுவாரா?

"என்னப்பா பகலவன், கும்பிட வந்தியா?"

"கார்பரேட்டரைப் பாக்க வந்தேன்."

"நாலு தெருவுமா?"

"பெரிய கார்பரேட்டர்."

மூன்று தெரு முடிந்தது. நாலாவதில் மழை பிடித்துக்கொண்டது. சரியாகத் தவமணி வீட்டு வாசல். தேங்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டம்மாள் வருகிறாள். டக். மறுபடி டக், டக். பின்னால் ஸ்டெப்னிக்காரன் ஹாரன் ஒன்று கொடுத்தான், பொறுக்கிப் பயல். இன்ஜின் இறங்குகிறது. ஆக்சிலேட்டரை அழுத்துகிறேன், இருமுகிறது. பானெட் மேல் முழுக்கப் பூ அலங்காரம், தூக்கவும் முடியாது.

அப்போதுதான் பார்த்தேன். பகலவன் சட்டையைக் கழற்றினான். ஆமாம். பதினெட்டு வயதில் போட்டது. மழையில், ஊர் பார்க்க, வெற்று உடம்போடு, கோயிலுக்குள் நிற்கிற மாதிரி அவள் முன்னால் நின்றான். பானெட்டின் பக்கத்து இடுக்கு வழியாகக் கையை உள்ளே விட்டான், சட்டையோடு. விட்டவன் ஒரு உதறு உதறினான் பாருங்கள். தலைமுடி சிலிர்த்தது. பல் கிட்டியது. "ஊஉ" என்று ஒரு சத்தம். பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள். அருள். அவனுக்கு அருள். தவமணி வீட்டம்மாள் தட்டோடு அவன் காலடியில் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். கையை எடுக்கவில்லை அவன், மறுபடி உதறினான். இன்ஜின் விக்கலை விழுங்கியது. சீரானது. அப்படியே உள்ளே விட்ட கையோடு, பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து கோயில் வரைக்கும் வந்தான். அம்மன் இறங்கினாள். அப்புறம்தான் நான் சாவியைத் திருப்பினேன்.

ஸ்டெப்னி வண்டி என்ன ஆனதா? பாட்டரி இறங்கி நாலாவது தெருவிலேயே நின்றுவிட்டது. இதை மட்டும் ஊரில் யாரிடமும் கேட்காதீர்கள், வருத்தப்படுவார்கள்.

மறுநாள் அவன் கொட்டகைக்குப் போனேன். கை கொப்பளித்திருந்தது. "என்னடா, அருள் வந்துச்சாமே" என்றேன். "வந்துச்சு. இருபதாயிரம் வோல்ட்டு" என்றான். அவன் வோல்ட்டு என்கிறான், நான் சக்தி என்கிறேன். பெயரில் என்ன இருக்கிறது, பழனியாண்டியே பகலவனாகிவிட்டான். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனே குரல் கொடுக்கிறான்: "சங்கிலி, தலைமைக்குப் பொட்டு வச்சிட்டியா? மேலதான வச்ச?" அவனையே மாற்றிவிட்டாள் பாருங்கள்.

ஒன்பதாவது வளைவு. ரெண்டு நிமிஷம் நிறுத்துவோம், இறங்குங்கள். காட்டுகிறேன், அப்புறம் பெரியவர் அளந்துவிட்டார் என்று சொல்லக் கூடாது. பானெட்டைத் தூக்குகிறேன், தள்ளி நில்லுங்கள். இதோ தலைமை. நேற்று வைத்த சந்தனம், ஈரம்கூடக் காயவில்லை. சனிக்கிழமை. ஒரு விக்கல் கேட்டீர்களா?

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்?

வயரா?

தலைமைக்கு ஒரு வயரும் வரவில்லை, ஆமாம். உங்கள் கையில் போன் வைத்திருக்கிறீர்களே, அதில் வயர் இருக்கிறதா? அமெரிக்காவில் இருக்கிறவனோடு பேசுகிறீர்கள் இல்லையா? சாதாரணப் போனுக்கே வயர் வேண்டாம், அவளுக்கு வேண்டுமா?

அது பகலவன் சட்டை. எடுபிடி மேல் போர்த்தியிருக்கிறது. திருப்பிக் கொடுத்தேன், "ஈரக் காலம் முடியட்டும்" என்றுவிட்டான். இப்போது வேறு ஒன்று போட்டிருக்கிறான், அதுவும் கறுப்புதான். கொஞ்சம் இந்தப் பானெட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் பனி இருக்கிறதே, உள்ளே இறங்கிவிடும். சட்டையை எடுத்து, இப்படி, கொம்பு கொம்பாக ஒரு துடை துடைத்துவிட்டு, வயர் ஒவ்வொன்றையும் ஒரு அழுத்து அழுத்திவிட்டு... சும்மாதான். ஒரு பழக்கம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

திரும்பி மலை இறங்கி எங்கள் ஊருக்குள் போனால் பகலவனைப் பார்ப்பீர்கள், டீக்கடைக்கு எதிரே கொட்டகை. எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். நான் துடைத்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வழக்கு எனக்குச் சாதகமாக முடிந்திருக்கிறது.

ஏறுங்கள். கதவு, ரெண்டு தரம்.